பேயா, பைத்தியமா?

காரைக்குடியிலிருந்து கோவிலூர் கொஞ்ச தூரம்தான். கொற்றவாளீஸ்வரர் கோயில், ஓர் ஊருணி, ஒரு பழைய வேதாந்த மடம், நிறைய அமைதி. போன மாதம் அங்கே ஒரு நண்பர் வீட்டில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது.

செட்டிநாட்டு வீடுகளில் பயப்படுவதற்கு விசேஷ முயற்சி எதுவும் தேவையில்லை. வாசலில் நின்று பார்த்தால் நேர்கோட்டில் கதவு, கதவு, கதவு என்று போய் கடைசியில் பின்கட்டு வெளிச்சம் தீப்பெட்டி அளவுக்குத் தெரியும். ஐம்பது பேர் வாழக் கட்டிய வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள். மற்ற அறைகளில் யார் இருக்கிறார்கள் என்று ராத்திரியில் யோசிக்கக்கூடாது. யோசித்தேன். சரியாக அப்போது கரண்ட் போனது.

இருட்டில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது.

பயந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். கையிலிருந்த வெள்ளைப் பணியாரம் கீழே விழுந்தது, அவ்வளவுதான். பார்த்தால், பட்டாலை ஓரத்தில் ஒரு செல்போனைச் சுற்றி மூன்று முகங்கள் நீலமாக மிதந்துகொண்டிருந்தன. நண்பரின் மகள், பத்தாம் வகுப்பு. பக்கத்தில் அவளுடைய சித்தப்பா பிள்ளைகள் இரண்டு பேர்.

"என்னம்மா பாக்கறீங்க?"

"விடாது கருப்பு மாமா. யூடியூப்ல எல்லாம் இருக்கு. நீங்க சின்னப் பையனா இருக்கும்போது வந்துச்சாமே!"

சின்னப் பையன் என்றதற்காகவே அவளுக்கு ஏதாவது பரிசு தரவேண்டும். உள்ளேயிருந்து அப்பத்தாவின் குரல் வந்தது. "வெளக்கு வச்ச நேரத்துல கருப்பரை வெளையாட்டுக்குக் கூப்பிடாதீங்கடி. வந்துட்டா ஒங்கப்பனா பதில் சொல்லுவான்?"

உங்களுக்கு 35 வயதுக்கு மேல் என்றால் 'மர்மதேசம்' பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சுருக்கமாக: 1990களில் கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, சன் டி.வி.யில் வாரம் ஒருமுறை வந்த தொடர். அதில் 'ரகசியம்' ஒரு கதை. நவபாஷாண லிங்கம், பைரவர், இரவில் யாரும் தங்கக்கூடாத கோயில். அடுத்து வந்தது 'விடாது கருப்பு'. ஊரில் தப்பு செய்தவர்களைக் காவல்தெய்வம் கருப்பு தண்டிக்கிறது என்று ஊரே நம்பும். அதை நம்ப முடியாத படித்தவர்கள் ஒருபக்கம். ஒரு தலைமுறைக்கு முந்தைய கதையும் இன்றைய கதையும் மாறி மாறி ஓடும். சேத்தனும் தேவதர்ஷினியும் நடித்தார்கள். இரவில் குதிரை வரும். மறுநாள் காலையில் ஆபீஸில் அதைத் தவிர வேறு பேச்சு இருக்காது.

இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் காலமானபோது, அவரைப் படித்தே இராதவர்கள்கூட அந்தக் குதிரைச் சத்தத்தைத்தான் நினைவுகூர்ந்தார்கள். ஓர் எழுத்தாளனுக்கு இது கௌரவமா, வருத்தமா, தெரியவில்லை.

பிள்ளைகளோடு நானும் உட்கார்ந்தேன். கரண்ட் வந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. இந்தத் தடவை பயத்தை ஓரமாக வைத்துவிட்டு, கதை எப்படிப் பின்னப்படுகிறது என்று கவனிக்கலாமே என்று பார்த்தேன். பேய்க்கதைக்கென்று சில சம்பிரதாயங்கள் உண்டு, கல்யாணத்துக்கு இருப்பதைப் போல. பட்டணத்திலிருந்து ஒருவர் வரவேண்டும். டாக்டர், நிருபர், ஆராய்ச்சி மாணவி, யாராக இருந்தாலும் சரி, 'இந்தக் காலத்துல போய்...' என்று ஒருமுறை சிரிக்கவேண்டும். ஊர்ப்பெரியவர் ஒருவர் பாதி சொல்லிவிட்டு மீதியைச் சொல்லாமல் எழுந்து போகவேண்டும். (மீதியையும் சொல்லியிருந்தால் மூன்று கொலைகள் மிச்சம். எந்தப் பெரியவரும் சொன்னதில்லை.) கதவு தானாகத் திறக்கவேண்டும். பின்னாலிருந்து ஒரு கை தோளில் விழவேண்டும், உடனே 'தொடரும்'. அடுத்த வாரம் பார்த்தால் அது காபி கொண்டுவந்த சித்தப்பாவின் கை. நாம் ஏழு நாள் பயந்தது காபிக்காக.

இதிலெல்லாம் தப்பில்லை. சம்பிரதாயம் இருப்பதால்தான் பார்ப்பவருக்கு எங்கே பயப்படவேண்டும் என்று தெரிகிறது. கேள்வி, சம்பிரதாயத்துக்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்பது.

'விடாது கருப்பு'க்குள் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். இது சிவகங்கைச் சீமைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கருப்பர் தூரத்தில் இருக்கும் கடவுள் இல்லை, கூப்பிடு தூரத்து அதிகாரி. புரவியெடுப்பு என்று மண்குதிரை செய்து தூக்கிக்கொண்டு போய் அவர் சவாரிக்கு நிறுத்துவார்கள். இதே மாவட்டத்தில் கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலில் இன்றைக்கும் காசு வெட்டிப் போடுகிறார்கள். ஏமாற்றியவன் மேல் வழக்குப் போட வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர், ஒரு காசை இரண்டாக வெட்டி அம்மன் சன்னிதியில் போட்டுவிட்டு வந்துவிடுவார். வாய்தா கிடையாது. எதிராளிக்குத் தகவல் போனாலே பாதித் தண்டனை ஆகிவிட்டது.

குதிரைச் சத்தம் நம்மை ஏன் அப்படி உலுக்கியது என்பதற்கு இது ஒரு காரணம். வெள்ளைச் சேலைப் பேய் யாரை வேண்டுமானாலும் அடிக்கும். கருப்பு கணக்குப் பார்த்து அடிக்கும். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் மனசுக்குள் அவரவர் கணக்கை ஒருமுறை கூட்டிக் கழித்தார்கள். நான் கழித்தேன். கொஞ்சம் இடித்தது.

அப்புறம் முடிவு. கதை முழுக்கத் தெய்வம் போலக் காட்டியதற்குக் கடைசியில் மனவியல் விளக்கம் வருகிறது. பிளவுபட்ட மனம். ஓர் உடம்புக்குள் இன்னொருவர். யார் என்று சொல்லமாட்டேன், பார்க்காதவர்கள் பாவம். அன்றைக்கு இது பெரிய துணிச்சல். சாமி கண்ணைக் குத்தும் என்று முடித்திருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். சந்திரமுகியும் அந்நியனும் 2005ல் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்னால், தமிழ்க் குடும்பங்கள் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து பிளவுபட்ட மனம் பற்றிக் கேட்டது இந்தத் தொடரில்தான். மலையாளத்தில் 'மணிச்சித்திரத்தாழு' 1993லேயே வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் போடுவீர்கள்.

விளக்கம் வந்த பிறகும் சந்தேகத்துக்கு ஒரு ஜன்னல் திறந்தே இருக்கும். அதுவும் சம்பிரதாயம்தான். ஆனால் நல்ல சம்பிரதாயம். இதில் தமிழுக்கு ஒரு மூத்த முன்னோடி உண்டு: புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. வீட்டு வேலைக்கு வந்து சேரும் ஒரு பெண், ராத்திரியில் ஒரு வாசனை, கதை சொல்பவரோ ஓர் எழுத்தாளர், அதாவது பொய் சொல்லிப் பழகியவர். அவள் யார் என்று கடைசிவரை அடித்துச் சொல்லமாட்டார். படித்துவிட்டு நாமாக ஒரு முடிவுக்கு வந்து, விளக்கை அணைத்ததும் அந்த முடிவை மாற்றிக்கொள்வோம்.

பல்கேரியாவில் பிறந்து பிரான்ஸில் வாழ்ந்த தோதரோவ் என்ற விமரிசகர் 1970ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். நடப்பது இயற்கைக்குள் அடங்குமா, அடங்காதா என்ற தயக்கம் நீடிக்கிறவரைக்கும்தான் இந்த வகைக் கதைக்கு உயிர், பதில் வந்த நிமிஷம் அது வேறு வகைக் கதையாகிவிடுகிறது என்பது அவருடைய கட்சி. பாரிஸ் வரை போயிருக்க வேண்டாம். கோவிலூருக்கு வந்திருந்தால் மடத்து வாசலிலேயே சொல்லியிருப்பார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முத்துராமலிங்க தேசிகர் நிறுவிய மடம் இது. கைவல்ய நவநீதம் போன்ற நூல்களை வைத்துத் தமிழிலேயே வேதாந்தம் பாடம் சொன்ன இடம். வேதாந்தத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கயிறு கிடக்கும். அரையிருட்டில் அதைப் பாம்பு என்று நினைத்து ஒருவன் அலறுவான். விளக்கைக் கொண்டுவந்தால் கயிறு. கயிற்றரவு என்பார்கள். புதுமைப்பித்தன் அந்தத் தலைப்பிலும் ஒரு கதை எழுதியிருக்கிறார்.

வேதாந்திக்கு அந்த விளக்கு முக்கியம். கதை சொல்கிறவனுக்கு விளக்கு வருவதற்கு முந்தைய அரையிருட்டு முக்கியம். பாம்பு பொய், ஆனால் வேர்த்தது நிஜம். 'விடாது கருப்பு' அந்த விளக்கை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தள்ளிப் போட்டது. எல்லோரும் தள்ளிப்போடலாம். விளக்கு வந்த பிறகு தெரிகிற கயிறும் பார்க்கும்படி இருக்கவேண்டுமே, அங்கேதான் பலரும் கோட்டை விடுவார்கள். இதில் தெரிந்த கயிறு, ஓர் ஊரே சேர்ந்து மறைத்த பழைய பாவங்கள்.

2015க்குப் பிறகு வந்த நாகினி வகையறாவில் இந்தச் சிக்கலே இல்லை. பாம்பு, பாம்புதான். முதல் வாரத்திலேயே படமெடுத்து ஆடி, பட்டுப்புடவை கட்டி, மாமியாரிடம் ஆசீர்வாதமும் வாங்கிவிடும். கயிறே கிடையாது. ஒவ்வொரு முகத்துக்கும் மூன்று தடவை கேமரா பாய்ந்து 'டுஷ்' என்று ஒரு சத்தம், அப்புறம் விளம்பரம். தினமும் வரும் தொடரில் ஒரு பயத்தை ஊறவைக்க நேரம் இல்லை என்பது புரிகிறது. எனக்கு அவற்றின் மேல் கோபமில்லை. பயமும் இல்லை, அதுதான் பிரச்னை.

இப்படியெல்லாம் நான் மனசுக்குள் விமரிசனம் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் கேட்டாள்.

"மாமா, கடைசில அது பேயா, பைத்தியமா?"

"நீ முடிவு வரைக்கும் பாரு, சொல்றேன்."

"முடிவை மொதல்லயே பாத்துட்டேன்."

இந்தத் தலைமுறைக்குக் கதை சொல்வது சிரமம். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்க கிளாஸ்ல ஒரு புள்ளைக்கு ராத்திரில வேற மாதிரி ஆயிருதாம். யாரோ பேசுறாங்கன்னு அழுவாளாம். மொதல்ல பேய்னு மந்திரிச்சாங்க. இப்ப மதுரைல டாக்டர்ட்ட காட்டி மாத்திரை சாப்பிடுறா. ஸ்கூலுக்கு வர ஆரம்பிச்சுட்டா. யாரும் பக்கத்துல உக்கார மாட்டேங்கறாங்க. பேய்னா கூட ஓட்டிரலாம், பைத்தியம்னா திடீர்னு கொன்னுருவான்னு சொல்றாங்க. சீரியல்ல அப்படித்தானே காட்டறாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. இத்தனை வருடமாக நான் பாராட்டிவந்த முடிவு அது. மூடநம்பிக்கையைப் போக்கி அறிவியலைச் சொன்ன முடிவு. அறிவியல் சொன்னார்கள்தான். ஆனால் கொலைப்பழியைக் கருப்பரிடமிருந்து எடுத்து நோயாளியின் மடியில் வைத்துவிட்டார்கள். வேறு யார் கையிலும் கொடுக்கமுடியாத ஆயுதத்தை, கதையின் சௌகரியத்துக்காக. சந்திரமுகியிலும் அதுவேதான், அந்நியனிலும் அதுவேதான். நமது திரையிலும் சின்னத்திரையிலும் பிளவுபட்ட மனம் வந்தால் கூடவே அரிவாளும் வந்துவிடுகிறது. நிஜத்தில் மனநோய் உள்ளவர்கள் அடிப்பதைவிட அடிவாங்குவதுதான் மிக அதிகம்.

எவ்வளவு அதிகம் என்பதற்கு இங்கிருந்து தூரம் போகவேண்டாம். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியபோது 28 பேர் செத்துப்போனார்கள். ஓடமுடியவில்லை, சங்கிலி போட்டிருந்தது. சங்கிலி போடக்கூடாது என்று 2017ல் வந்த மனநலச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. அந்த 28 பேரை அங்கே கொண்டுபோய் விட்டவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட எனக்கு மனசில்லை. பேயா, பைத்தியமா என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பதில் தெரியாமல் தவித்தவர்களாகத்தான் பலர் இருந்திருப்பார்கள்.

அந்தப் பெண்ணிடம் ஏர்வாடியைச் சொல்லவில்லை. வேறொரு கதை சொன்னேன்.

அமெரிக்காவில் 1997 முதல் 2003 வரை 'பஃபி' என்று ஒரு தொடர் வந்தது. இருட்டுச் சந்தில் பேயிடம் மாட்டிக்கொண்டு முதல் ஐந்து நிமிடத்தில் சாகிற சின்னப் பெண் ஒருத்தி எல்லாப் படத்திலும் இருப்பாளே, அவளே திரும்பி அடித்தால் என்ன என்ற யோசனைதான் அதன் விதை. பஃபி பள்ளிக்கூடப் பெண், ரத்தக் காட்டேரிகளைக் கொல்வது அவள் வேலை. குறுந்தகடு காலத்தில் ஒரு நண்பர் தயவில் பார்த்தேன். தலைப்பைப் பார்த்துவிட்டு ஏளனமாகத்தான் ஆரம்பித்தேன். அதில் வரும் பூதங்களெல்லாம் பதினாறு வயதின் பிரச்னைகள் என்று மெதுவாகத்தான் உறைத்தது. வகுப்பில் யாருமே கவனிக்காத ஒரு பெண் நிஜமாகவே கண்ணுக்குத் தெரியாதவளாக மாறிவிடுவாள். அன்பாக இருந்த காதலன், ஓர் இரவுக்குப் பிறகு ஆன்மாவை இழந்து கொடூரனாகிவிடுவான். இதற்குப் பேய் எதற்கு என்று எத்தனையோ பெண்கள் கேட்டிருப்பார்கள்.

2002 மார்ச்சில் அதில் ஒரு எபிசோட். பஃபியை ஒரு பூதம் குத்திவிடும். விஷம் ஏற ஏற, அவளுக்கு வேறொரு உலகம் தெரியும். அங்கே அவள் ஒரு மனநல மருத்துவமனையில் இருக்கிறாள். ஆறு வருடமாக நோயாளி. காட்டேரி, பூதம், சிநேகிதர்கள் எல்லாம் அவள் கற்பனை என்கிறார் டாக்டர். கட்டில் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். பஃபியின் உலகத்தில் அந்த அம்மா முந்தைய வருடமே செத்துப்போனவள். எந்த உலகம் வேண்டும்? கடைசியில் பஃபி சிநேகிதர்கள் இருக்கும் உலகத்துக்கே திரும்புவாள். ஆனால் எபிசோடின் கடைசிக் காட்சி மருத்துவமனையில். வெறித்த கண்ணோடு ஒரு பெண், அவளை இழந்துவிட்டோம் என்கிற டாக்டர், அழுகிற அப்பா அம்மா. அதோடு முடிந்தது.

அந்த எபிசோடிலும் சம்பிரதாயம் முழுசாக விடவில்லை. நோய் முற்றியதும் பஃபி தன் சிநேகிதர்களையே கட்டிப்போட்டுப் பூதத்திடம் விடத் துணிவாள். ஆனால் ஒன்றைச் செய்திருந்தார்கள். நோயாளியை வெளியே நின்று பார்க்கவிடாமல், அவள் தலைக்குள்ளேயே நம்மைக் குடிவைத்துவிட்டார்கள். அடுத்து யாரைக் கொல்வாள் என்று நமக்குத் தோன்றவில்லை. அம்மாவை விட்டுவிட்டு எப்படித் திரும்புவாள் என்றுதான் தோன்றியது. கயிறா, பாம்பா என்று வெளியிலிருந்து கேட்டவர்கள் நடுவில், அலறினவனைப் பார்த்து 'உனக்கு என்ன தெரிஞ்சுது?' என்று கேட்டது போல.

நமது தொடரில் அந்தக் கேள்விக்குக் கடைசி வாரங்களில்தான் இடம் கிடைத்தது. அதுவரை அந்த மனம் ஒரு புதிர், அவிழ்க்கவேண்டிய முடிச்சு. இதற்காக இந்திரா சௌந்தர்ராஜனையோ நாகாவையோ குற்றம் சொன்னால் நன்றி கெட்டவனாவேன். அவர்கள் பேயிலிருந்து நோய் வரைக்கும் நம்மைக் கூட்டிவந்தார்கள். பின்னால் வந்தவர்கள் நோயிலிருந்து நோயாளி வரைக்கும் ஓர் அடி வைத்திருக்கலாம். அவர்கள் திரும்பிப்போய்ப் பாம்புக்குப் பட்டுப்புடவை கட்டினார்கள்.

நான் சொல்லி முடித்ததும் அவள் கொஞ்ச நேரம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவளுக்கு யாரு பேசறாங்கன்னு நாங்க யாருமே கேட்டதில்ல மாமா" என்றாள். அப்புறம் மூன்று பேரும் தூங்கப் போனார்கள். நடுவில் அவளுடைய தம்பி பாத்ரூம் போகவேண்டும் என்று என்னைத் துணைக்கு எழுப்பினான். இருவரும் கொஞ்சம் வேகமாகவே போய்விட்டு வந்தோம்.

மறுநாள் காலை மடத்துப் பக்கம் போய்விட்டுத் திரும்பினேன். அவள் முகப்பில் உட்கார்ந்து யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வா, மீதியைச் சேர்ந்து பார்க்கலாம், எங்கப்பத்தா பணியாரம் சுடும் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"வர்றாளாம் மாமா. குதிரைச் சத்தம் வரும்போது மட்டும் சவுண்டைக் கொறச்சு வைக்கச் சொல்றா."

"ஏன், பயமா?"

"அவளுக்கு இல்லையாம். நான் கத்துவேனாம்."